பிறந்த குதிரைக் குட்டியின் கால் தசைநார்த் தொல்லைகள்: சேலம், ஏற்காடு பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேர்வராயன் மலையடிவாரத்தில் பதினான்கு ஆண்டுகளாகக் குதிரை வளர்க்கிறேன். இப்போது லாயத்தில் மூன்று பெட்டைகள் நிற்கின்றன. ஏற்காடு ஏரிக்கரையில் சவாரிக்குக் குதிரை விடுகிறவர்கள், பந்தய வண்டிக்காக வளர்க்கிறவர்கள், தோட்டத்தில் ஆசைக்கு ஒன்று கட்டியிருக்கிறவர்கள் எனப் பலரும் எனக்குப் பழக்கம். குட்டி போடும் காலத்தில் இவர்களிடமிருந்து ஒரே மாதிரியான கேள்விகள் வரும். பெரும்பாலும் விடியற்காலை நாலரை மணிக்கு, இருட்டில் எடுத்த ஒரு மங்கலான படத்தோடு. நான் மருத்துவர் இல்லை. கால்நடை மருத்துவர்கள் பக்கத்தில் நின்று பார்த்ததையும், அவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், என் கையால் தவறு செய்து கற்றதையும் இங்கே எழுதி வைக்கிறேன். குட்டியைப் பார்க்காமல் எழுதிய எதுவும் குட்டியைப் பார்க்கும் மருத்துவருக்கு ஈடாகாது.

“அக்கா, குட்டிக்குக் கால் நரம்பு இழுத்துக்கொண்டது என்கிறார்கள். நரம்புக்கு என்ன மருந்து?”

பேச்சில் நாம் நரம்பு என்கிறோம். உண்மையில் அது தசைநார். குதிரையின் முன்கால் முட்டிக்குக் கீழே சதை கிடையாது. எலும்பு, நார், தோல் அவ்வளவுதான். காலை அசைக்கும் சதை முழுவதும் மேலே இருக்கிறது, அதன் இழுப்பை நார்தான் கயிறு போலக் கீழே கொண்டுபோகிறது. முட்டிக்குக் கீழே காலின் பின்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கயிறுகள் தட்டுப்படும். மேலாக ஓடுவது கணுவைத் தாண்டியதும் முடிகிறது. ஆழத்தில் ஓடுவது குளம்புக்குள் இருக்கும் எலும்பு வரை போய்ப் பிடிக்கிறது. காலின் முன்புறத்தில், குளம்பை முன்னே வீசுவதற்கு மெல்லிய நார்கள் தனியாக உண்டு.

இந்தப் பக்கம் முழுவதும் ‘முட்டி’ என்று எழுதும்போது முன்கால் நடுவில் மடங்கும் பெரிய மூட்டைச் சொல்கிறேன். ‘கணு’ என்பது குளம்புக்கு மேலே, பின்பக்கம் முடிக்கற்றை தொங்குகிற மூட்டு. பிறந்த குட்டிக்கு வரும் நார்த் தொல்லை பெரும்பாலும் இரண்டு வகை: பின்புற நார் தளர்ந்திருப்பது, அல்லது இறுகியிருப்பது. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிரானது. ஒன்றுக்கான வைத்தியத்தை மற்றதற்குச் செய்து கெட்டுப்போன குட்டிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

“தளர்வா இறுக்கமா என்று எனக்கே தெரியுமா?”

தெரியும். சமமான, கெட்டியான தரையில் குட்டியை நிற்கவைத்து, நீங்கள் குந்தி உட்கார்ந்து பக்கவாட்டில் பாருங்கள். கணு தாழ்ந்து தரையை நோக்கிப் போயிருந்தால், குளம்பின் நுனி மேலே தூக்கிக்கொண்டு குட்டி குதியில் நின்றால், அது தளர்வு. சில குட்டிகளுக்குக் கணுவின் பின்புறமே தரையில் படும். பின்கால்களில்தான் இது அதிகம்.

கணு முன்பக்கமாகப் புடைத்து, குட்டி குளம்பு நுனியில் நடனக்காரி போல நின்றால் இறுக்கம். முட்டி முன்னால் மடங்கியே இருந்து நிற்கும்போது நடுங்குவதும் இறுக்கம்தான். மோசமான குட்டி குளம்பை மடக்கிக் கணுவின் முன்புறத் தோலால் நடக்கும். ஒரே குட்டிக்கு முன்கால் இறுகியும் பின்கால் தளர்ந்தும் இருப்பதுண்டு. நான்கு கால்களையும் தனித்தனியாகப் பாருங்கள். பக்கவாட்டிலிருந்து ஒரு படம், எதிரிலிருந்து ஒரு படம் என்று தினமும் ஒரே இடத்தில் நிறுத்தி எடுத்து வையுங்கள். நேற்றைவிட இன்று தேவலையா என்பதை மனம் சரியாகச் சொல்லாது, படம் சொல்லும்.

“பிறந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது, கால் மடங்கி எழ முடியவில்லை. முதலில் காலுக்கு என்ன செய்வது?”

முதலில் காலுக்கு எதுவும் செய்ய வேண்டாம். பாலைப் பாருங்கள். நல்ல குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழும், இரண்டு மணி நேரத்துக்குள் பால் குடிக்கும், மூன்று மணி நேரத்துக்குள் தாய்க்கு நஞ்சுக்கொடி விழும். குதிரைக் குட்டி நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாமல்தான் பிறக்கிறது. அது முழுவதும் சீம்பாலில் இருந்து வர வேண்டும். அதை உறிஞ்சிக்கொள்ளும் குடலின் திறன் மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் மூடிவிடும். கால் கோணல் நாளைக்கும் இருக்கும். சீம்பாலுக்கு நாளை கிடையாது.

எழ முடியாத குட்டியின் மார்புக்கடியில் ஒருவரும் பின்புறத்தில் ஒருவரும் கை கொடுத்துத் தூக்கி மடியில் சேர்க்கலாம். முடியவில்லை என்றால் தாயைக் கறந்து சுத்தமான புட்டியில் கொடுங்கள். மணிக்கு ஒரு முறை கால் லிட்டர் அளவில், முதல் ஆறேழு மணி நேரத்தில் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும். குட்டி நெஞ்சை ஊன்றிப் படுத்திருக்கட்டும். தலையை அண்ணாக்கத் தூக்காதீர்கள். விரலை வாயில் வைத்தால் சப்பாத குட்டிக்குப் பாலை ஊற்றவே கூடாது, அது நேராக நுரையீரலுக்குப் போகும். அந்தக் குட்டிக்கு மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் இறக்கிக் கொடுப்பார். பிறந்து 18 முதல் 24 மணி நேரத்துக்குள் இரத்தம் எடுத்து எதிர்ப்புச் சக்தி சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கால் தொல்லை உள்ள குட்டிக்கு இந்தச் சோதனையைத் தவறவிடக் கூடாது, ஏனென்றால் பால் குறைவாகக் குடித்திருக்க வாய்ப்பு அதற்குத்தான் அதிகம்.

“கணு தரையில் படுகிறது. மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிவிட்டால் நேராகிவிடும் என்கிறார் பெரியவர். கட்டலாமா?”

கட்டாதீர்கள். அந்தப் பெரியவரை மதிக்கிறேன். எலும்பு முறிந்த ஆட்டுக்கு அவர் கட்டும் சிம்பு பிரமாதமாக இருக்கலாம். ஆனால் தளர்ந்த நார் சோம்பலாக இருக்கும் நார். அதற்கு வேலை கொடுத்தால்தான் வலுக்கும். சிம்பும் இறுக்கமான கட்டும் அந்த வேலையைத் தாங்கள் எடுத்துக்கொள்கின்றன. நான்கு நாள் கழித்து அவிழ்க்கும்போது கால் முன்பைவிடத் தொங்கும்.

மருந்தும் வேண்டியதில்லை. சமமான கெட்டித் தரையில், தாயோடு, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து நிமிடம் நடக்கவிடுங்கள். களைத்துப் படுத்தால் படுக்கட்டும். பெரும்பாலான குட்டிகள் ஒன்றிரண்டு வாரத்தில் தாமாக நிமிர்ந்துவிடுகின்றன. அந்த இரண்டு வாரம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதுதான் வளர்ப்பவர்களுக்கு ஆகக் கடினமான வைத்தியம், எனக்கும் அப்படித்தான். குறைமாதக் குட்டியாக இருந்தால் மட்டும் இந்த நடைப்பயிற்சியைத் தொடங்குவதற்கு முன் கீழே அதற்கான கேள்வியைப் படியுங்கள்.

“குதியில் தோல் உரிந்து இரத்தம் வருகிறது. அப்போதாவது கட்டலாமா?”

புண்ணை மூடலாம், காலைக் கட்டக் கூடாது. இந்த வித்தியாசம் முக்கியம். உப்பு நீரில் கழுவி, மெல்லிய பஞ்சு வைத்து, குளம்பையும் குதியையும் மட்டும் மூடும்படி லேசாகச் சுற்றுங்கள். கணுவுக்கு மேலே கட்டு ஏற வேண்டாம். தினமும் மாற்றுங்கள், நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

குதிரைக்கு டெட்டனஸ் மிக எளிதில் பிடிக்கும். சினையின் கடைசி மாதத்தில் தாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தால் சீம்பால் வழியே குட்டிக்குப் பாதுகாப்பு வந்திருக்கும். போடவில்லை என்றால் அதை முதல் வேலையாக மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

“குளம்புக்குப் பின்னால் பலகை ஒட்டுவது எதற்கு? எங்கள் லாடக்காரருக்கு அது தெரியாதாம்.”

பத்து நாளாகியும் குளம்பு நுனி தரையைத் தொடவில்லை என்றால் மருத்துவர் இதைச் சொல்வார். குளம்பின் அடியில் ஒட்டி, குதிக்குப் பின்னால் இரண்டு மூன்று விரற்கிடை நீளும் தட்டு அது. பின்னால் நீளும் பலகை குட்டியைக் குதியில் சாய விடாது, குளம்பு தட்டையாகப் படியும். இதற்கென்றே விற்கும் ஒட்டும் லாடம் நம் ஊரில் சுலபமாகக் கிடைக்காது. மெல்லிய ப்ளைவுட்டைக் குளம்பின் அளவுக்கு அறுத்து, ஓரங்களை உப்புக்காகிதத்தால் தேய்த்து, அகலமான ஒட்டு நாடாவால் குளம்போடு மட்டும் சுற்றி ஒட்டிய ஒரு லாடக்காரரைப் பார்த்திருக்கிறேன். அழகாக வேலை செய்தது. ஆணி அடிக்கக் கூடாது. பிறந்த குட்டியின் குளம்புச் சுவர் மிக மெல்லியது. நாடா குளம்புக்கு மேலே முடி தொடங்கும் கோட்டை இறுக்கக் கூடாது. தாய் மிதித்துப் பலகை பிய்ந்துபோகும், மறுபடி ஒட்ட வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கழற்றிப் பாருங்கள்.

“ஏற்காட்டில் எங்கள் இடம் முழுக்கச் சரிவும் கல்லும். குட்டியை எங்கே நடக்கவிடுவது?”

காப்பிக் களம் இருந்தால் அதுதான் மலையில் கிடைக்கும் மிக நல்ல இடம். காப்பி உலர்த்தாத நேரத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஈரமாக இருக்கும்போது வேண்டாம், வழுக்கும். சரிவில் நடந்தால் ஒரு பக்கக் காலுக்கே எடை போகும், தளர்ந்த காலுக்கு அது கெடுதல்.

லாயத்துக்குள் வைக்கோலை முழங்கால் உயரம் போடுவது மலையில் வழக்கம், குளிருக்காக. கால் சரியில்லாத குட்டி அதில் சிக்கித் தடுமாறும். படுக்கும் மூலையில் மட்டும் தடிமனாகப் போட்டு, நிற்கும் இடத்தில் மெல்லியதாகப் பரப்புங்கள். மார்கழி, தை மாதங்களில் 1,500 மீட்டர் உயரத்தில் பனி இறங்கும் இரவுகளில் ஈரத்தில் கிடக்கும் குட்டியின் உடல் சீக்கிரம் சில்லிட்டுப் போகும், எழும் தெம்பு போய்விடும். எனவே சாக்கைத் தைத்து ஒரு போர்வை போட்டுவிடுங்கள்.

“அந்தியூர்ச் சந்தையில் சினைப் பெட்டை வாங்கினோம். எத்தனை மாதம் என்று சரியாகத் தெரியாது. குட்டி சின்னதாக, கால் துவண்டு பிறந்திருக்கிறது. நடக்கவிடலாமா?”

ஆடியில் குருநாதசாமி கோயில் திருவிழாவில் வாங்கிவந்த பெட்டைகளைப் பற்றி இந்தக் கேள்வி ஆண்டுதோறும் வருகிறது. குதிரைக்குச் சினைக்காலம் பதினோரு மாதம், ஏறக்குறைய 340 நாள். 320 நாளுக்கு முன் பிறந்தால் குறைமாதம் என்று எடுத்துக்கொள்ளலாம். தேதி தெரியாவிட்டால் குட்டியே சொல்லும். பட்டு போன்ற மிருதுவான குட்டை முடி, துவண்ட காதுகள், குவிந்த நெற்றி, எல்லா மூட்டும் எந்தப் பக்கமும் வளைவது ஆகியவை குறைமாத அடையாளங்கள்.

இந்தக் குட்டியை மருத்துவர் பார்க்கும்வரை நடத்தாதீர்கள். முட்டிக்குள்ளும், பின்கால் நடுமூட்டுக்குள்ளும் சோழி சோழியாகச் சின்ன எலும்புகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. குறைமாதக் குட்டிக்கு அவை இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். அதன்மேல் எடை ஏறினால் நசுங்கி, அந்த வடிவத்திலேயே பின்னர் எலும்பாகிவிடும். பிறகு திருத்தவே முடியாது. எக்ஸ்ரே எடுத்தால் அவை எலும்பாகியிருக்கின்றனவா என்று தெரிந்துவிடும். ஆகவில்லை என்றால் சிறிய அறையில் வைத்து, எழுந்து பால் குடிப்பதோடு நிறுத்திவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மறுபடி எக்ஸ்ரே. மற்றக் குட்டிகளுக்கு நடையே மருந்து என்று மேலே சொன்னேன். இந்த ஒரு குட்டிக்கு அதே நடை ஆபத்து.

“கால் இறுகி மடங்கியே பிறந்தது. பெட்டை கிரகணத்தன்று வெளியே நின்றது, நெற்றியிலும் கெட்ட சுழி. அதனாலா?”

கிரகணமும் இல்லை, சுழியும் இல்லை. அந்தப் பெட்டையை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடாதீர்கள், பாவம். வயிற்றுக்குள் குட்டி கிடந்த நிலை, பெரிய குட்டிக்கு இடம் போதாமை, சினையின்போது தாய்க்கு வந்த காய்ச்சல், பரம்பரை எனப் பல காரணங்களை மருத்துவர்கள் சொல்வார்கள். பல குட்டிகளுக்குக் காரணம் கடைசிவரை தெரியாமலே போகும்.

நம் மாவட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சினைப் பெட்டைகள் பச்சைச் சோளமும் சூடான் புல்லும் மேய்வதற்கும், மூட்டு மடங்கி விறைத்த குட்டிகள் பிறப்பதற்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. தாய்க்கும் அதனால் பின்கால் தள்ளாடும், சிறுநீர் சொட்டும். மாட்டுக்காகப் பலமுறை அறுக்கும் தீவனச் சோளம் போட்டிருப்பவர்கள், கோ.எப்.எஸ். 29 உட்பட, அதைச் சினைக் குதிரைக்குப் போட வேண்டாம். அந்த வகையிலும் சூடான் புல் வம்சம் கலந்திருக்கிறது. வெட்டிய பின் தழைக்கும் இளங்குருத்து இன்னும் மோசம். மாடு தின்கிறதே என்று கேட்பார்கள். மாட்டின் வயிறு வேறு, குதிரையின் வயிறு வேறு.

“இறுகிய கால் தானாகச் சரியாகுமா, எப்போது பயப்பட வேண்டும்?”

குட்டியைப் படுக்கவைத்து, அது ஓய்ந்திருக்கும் நேரத்தில், காலை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக நீட்டிப் பாருங்கள். கையால் முழுவதும் நேராகிறது, குட்டி தானே எழுந்து பால் குடிக்கிறது என்றால் பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும். கொஞ்சம் நடை போதும், களைக்க வைக்க வேண்டாம். இறுகிய காலில் அதிகம் நடந்தால் வலிக்கும், வலித்தால் சதை மேலும் சுருங்கும்.

கையால் பாதிதான் நீள்கிறது, அல்லது கணு தரையில் மடங்கித் தேய்கிறது என்றால் அன்றைக்கே மருத்துவர் வர வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள்தான் இந்த நார்கள் சொன்னபடி கேட்கும் காலம். “ஞாயிறு கழியட்டும்” என்று விட்டவர்கள் என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

“இறுக்கத்துக்குச் சிம்பு கட்டலாம் அல்லவா? பிவிசி குழாயை அறுத்து வைத்துவிட்டேன்.”

கட்டலாம், குழாயும் சரியான பொருள்தான். ஆனால் முதல் கட்டை மருத்துவர் கட்டட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். குழாயை நெடுக்காக இரண்டாக அறுத்து, வெட்டிய விளிம்புகளைத் தேய்த்து மழுக்க வேண்டும். காலைச் சுற்றிப் பஞ்சு கனமாகச் சுருட்டி, அதன்மேல் கிரேப் துணி, அதற்குப் பின்புறம் குழாய், அதற்குமேல் மறுபடி துணி. குழாயின் முனை வெறும் தோலில் எங்கும் முட்டக் கூடாது. இருபத்துநான்கு மணி நேரமும் கட்டிவைக்கக் கூடாது: பாதி நாள் கட்டு, பாதி நாள் விடுதலை, ஒவ்வொரு முறை அவிழ்க்கும்போதும் தோலைத் தடவிப் பார்த்தல். கட்டோடு குட்டியால் தானாக எழ முடியாது. இரவிலும் ஒரு மணி, ஒன்றரை மணிக்கு ஒரு முறை ஆள் எழுந்து தூக்கிப் பாலுக்கு விட வேண்டும். அதற்கு ஆள் இல்லை என்றால் கட்டாதீர்கள்.

என் இரண்டாவது குட்டிக்கு இதைக் கட்டினேன். மார்கழி, சாரல் வேறு. மாலை அவிழ்க்க வேண்டியதைக் காலையில் அவிழ்க்கலாம் என்று படுத்துவிட்டேன். காலையில் துணியைப் பிரித்தபோது பஞ்சு சில்லென்று நனைந்திருந்தது. முட்டிக்குப் பின்னால் ஒரு எலும்பு துருத்திக்கொண்டிருக்கும்; அதன்மேல் ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் வெளுத்துச் சுருங்கி, ஈரக் காகிதம் போல இருந்தது. மூன்றாம் நாள் அந்த வட்டம் அப்படியே கழன்று விழுந்தது. கால் நேரானது. புண் ஆற ஏழு வாரம் ஆயிற்று. இன்று அது வளர்ந்த குதிரை, கறுப்பு நிறம். அந்த இடத்தில் மட்டும் வெள்ளை முடி.

“ஒரே ஒரு ஊசியில் கால் நிமிர்ந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?”

ஓரளவு உண்மை. ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை அதிக அளவில் இரத்தக்குழாய் வழியே கொடுத்தால், பிறந்த சில நாட்களுக்குள், இறுகிய நார் தளர்கிறது. நாரை இழுத்துச் சுருக்கும் செல்களின் வேலையை அது தடுக்கிறது என்பது இப்போதைய விளக்கம். ஒரு குட்டிக்கு 2 முதல் 3 கிராம் வரை, உப்பு நீரில் கலந்து மெதுவாக ஏற்றுவார்கள். ஓரிரு நாளில் பலன் தெரியும். தேவைப்பட்டால் மறுநாள் ஒரு முறை. எல்லாக் காலும் அதே நேரத்தில் தளரும் என்பதால் நன்றாக இருந்த பின்கால்கூடச் சில நாள் தொய்வாகத் தெரியலாம், அது மீண்டுவிடும்.

இது கிருமிக்காகக் கொடுக்கும் அளவைப்போலப் பல மடங்கு. பால் குடிக்காத, உடலில் நீர் வற்றிய குட்டிக்குக் கொடுத்தால் சிறுநீரகம் கெட்டு இறந்துவிடக்கூடும். அதனால்தான் கால் பிரச்சினைக்குப் போன இடத்தில் மருத்துவர் முதலில் இரத்தம் எடுக்கிறார்; அலைக்கழிக்கிறார் என்று நினைக்காதீர்கள். மருந்துக் கடையில் மாட்டுக்கு விற்கும் அதே பெயருள்ள புட்டியை வாங்கித் தசையில் குத்திவிட்டு எனக்குச் சொன்னவர்கள் உண்டு. குட்டியின் தொடை வீங்கி, இருந்த நடையும் போயிற்று. வலி மருந்தும் அப்படித்தான்: குட்டிகளின் வயிற்றில் புண் உண்டாக்கும், மருத்துவர் எழுதிய அளவுக்கு ஒரு சொட்டும் கூட்டாதீர்கள்.

“கால் பின்னால் இறுகவில்லை, ஆனால் நடக்கும்போது குளம்பு மடங்கி விழுகிறது. முட்டிக்கு முன்னால் மெத்தென்று ஒரு வீக்கம்.”

வீக்கம் முட்டியின் முன்புறம், சற்று வெளிப்பக்கமாக, முட்டை போல நீளமாக, வலியில்லாமல் இருக்கிறதா? முன்புற நீட்டு நார் அறுந்திருக்கக்கூடும். முட்டி இறுகிப் பிறந்த குட்டிகளுக்கு இது அதிகம், இரண்டு காலிலும் வருவதுண்டு. நார் அறுந்தது என்றதும் கதிகலங்க வேண்டாம். இதில் பெரும்பாலான குட்டிகள் நன்றாகத் தேறுகின்றன. அறுந்த முனைகள் தழும்பால் மறுபடி சேர்ந்துகொள்ளும், அதுவரை குளம்பு மடங்காமல் தாங்கி, சிறிய அறையில் சில வாரம் வைத்திருந்தால் போதும். வீக்கத்தை ஊசியால் குத்தி நீரெடுக்க எவரையும் விடாதீர்கள்.

தடுமாறும் நடை ஒன்றாகவே தெரிவதால் இதை இறுக்கம் என்று எண்ணி மேலே சொன்ன ஊசியைப் போடச் சொல்வார்கள். எது அறுந்தது எது இறுகியது என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் மருந்து.

“ஐந்தாம் நாள் திடீரென்று ஒரு காலை ஊன்ற மறுக்கிறது. மூட்டு வீங்கிச் சூடாக இருக்கிறது. நார் இழுத்துக்கொண்டதா?”

இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். இந்த வயதில் நார்த் தொல்லை என்றால் பெரும்பாலும் பிறக்கும்போதே இருக்கும், மெல்ல மாறும். நன்றாக நடந்துகொண்டிருந்த குட்டி ஒரே நாளில் நொண்டினால், மூட்டு சூடாக இருந்தால், அது மூட்டுக்குள் கிருமி. தாய் மிதித்துவிட்டது என்று சொல்லிப் பற்றுப் போட்டுக் காத்திருக்காதீர்கள். கிருமி தொப்புள் வழியாகவோ குடல் வழியாகவோ இரத்தத்தில் ஏறி மூட்டில் போய் உட்காருகிறது. சீம்பால் போதாத குட்டிகளுக்குத்தான் இது அதிகம் வரும். முன்னே இரத்தச் சோதனையை அவ்வளவு வலியுறுத்தியது இதற்காகத்தான். மணிக்கணக்கில் குருத்தெலும்பு அரிக்கப்படும். இரவானாலும் புறப்படுங்கள்.

பிறந்தவுடன் தொப்புளை மருத்துவர் சொல்லும் கிருமிநாசினியில் நனைத்து, முதல் ஒன்றிரண்டு நாள் சில முறை திரும்பச் செய்வது இதைப் பெருமளவு தடுக்கும். மஞ்சள், சாணம் எதையும் வைக்க வேண்டாம்.

“விளக்கெண்ணெய் போட்டு நீவலாமா? எங்கள் ஊரில் சூடு போடுவார்கள்.”

இறுகிய காலை, மருத்துவர் காட்டியபடி, சில மணி நேரத்துக்கு ஒரு முறை சில நிமிடம் மெதுவாக நீட்டி மடக்குவது நல்லது. கை வழுக்க எண்ணெய் தொட்டுக்கொள்ளுங்கள், தவறில்லை. குட்டி காலை இழுத்தால் நிறுத்துங்கள். நாரை நீட்டுவது அந்த நீட்டல்தான், எண்ணெய் தோலைத் தாண்டிப் போவதில்லை.

சூடு போடக் கூடவே கூடாது. பிறந்து மூன்று நாளான உயிரின் காலில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைப்பதால் எந்த நாரும் நீளாது, சுருங்காது. வலியும் புண்ணும் டெட்டனஸ் வாசலும்தான் மிச்சம்.

“முட்டிகள் உள்பக்கம் ஒன்றையொன்று தொடுகின்றன, பாதம் வெளியே போகிறது. இதுவும் நார்தானா?”

பக்கவாட்டில் பார்த்துத் தெரிவது நார்க் கோளாறு. எதிரே நின்று பார்த்துத் தெரிவது மூட்டு வளைவு. லேசாக முட்டி உள்ளே சாய்ந்திருப்பது குட்டிகளுக்கு இயல்பு, மார்பு அகலமாகும்போது நேராகும். வளைவு அதிகமாக இருந்தால், அல்லது கணுவில் வளைந்திருந்தால், முதல் இரண்டு வாரத்துக்குள் எக்ஸ்ரே எடுங்கள். கணுவுக்கு மேலிருக்கும் எலும்பு வளரும் பகுதி மூன்று மாதத்துக்குள்ளேயே ஏறக்குறைய வேலையை முடித்துக்கொள்ளும். திருத்த வேண்டியதை அதற்கு வெகு முன்பே திருத்தியாக வேண்டும். முட்டிக்கு இன்னும் சில மாதம் கூடுதல் அவகாசம் உண்டு.

“நேரான காலோடு பிறந்தது. மூன்றாம் மாதம் குளம்பு பெட்டி போல நிமிர்கிறது. ஏன்?”

இது பிறவிக் கோளாறு இல்லை, வளர்ச்சிக் கோளாறு. எலும்பு வேகமாக நீள, நார் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. அல்லது எங்கோ வலித்து, குட்டி அந்தக் காலை ஊன்றாமல் வைத்திருக்கிறது. கொழுத்த குட்டிகளுக்கு இது அதிகம். தாய்க்கு வைக்கும் கொள்ளு, தவிடு, மக்காச்சோளத்தைக் குட்டி பக்கத்தில் நின்று தின்றுகொண்டிருக்கும், யாரும் கணக்கு வைப்பதில்லை. தாயின் தொட்டியை உயர்த்திக் கட்டுங்கள். குளம்பின் பின்பகுதியைச் சிறுகச் சிறுகச் சீவி, தேவைப்பட்டால் முன்னால் நீளும் தட்டு ஒட்டுவார்கள். தளர்வுக்குப் பின்னால் நீட்டினோம் அல்லவா, இது அதற்கு எதிர். இதிலும் நிமிராதவற்றுக்கு ஆழமான நாரைத் தாங்கும் துணை இணைப்பை அறுவை செய்து விடுவிப்பார்கள். உரிய காலத்தில் செய்தால் நல்ல பலன்.

“மலையிலிருந்து குட்டியை எப்படி இறக்குவது, எங்கே கொண்டு போவது?”

முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனை, அல்லது 1962 என்ற கால்நடை அவசர ஊர்தி எண். எக்ஸ்ரே, அறுவை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி. சேலத்திலிருந்து பெங்களூரு – கன்னியாகுமரி நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஆத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குத் தலைவாசல் கல்லூரி பக்கம். எங்கே போனாலும் குதிரைக் குட்டி என்று சொல்லித் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். தாயையும் கூடவே ஏற்றுங்கள். பிரித்தால் இரண்டும் கத்தி வேர்த்துத் தளரும், பாலும் நிற்கும். தாயை முன்புறம் கட்டி, நடுவில் ஒரு தடுப்பு, பின்னால் தடித்த வைக்கோலில் குட்டியைப் படுக்கவைத்து ஒருவர் அதன் கழுத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். வளைவுகளில் குட்டியை நிற்கவிடாதீர்கள். ஓட்டுநரிடம் இரண்டாம் கியருக்கு மேல் போகாதே என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள். அடிவாரத்தில் நிறுத்திப் பால் குடிக்கவிட்டுப் பிறகு செல்லுங்கள்.

“இந்தக் குட்டி பிற்காலத்தில் சவாரிக்கு ஆகுமா? ஆகாவிட்டால் என்ன செய்வது?”

தளர்ந்து பிறந்து இரண்டு வாரத்தில் நிமிர்ந்த குட்டிக்கும் மற்றக் குட்டிக்கும் வளர்ந்த பின் வித்தியாசமே தெரியாது. லேசான இறுக்கமும் அப்படித்தான். அறுந்த முன்நாரும் பெரும்பாலும் அப்படியே. நசுங்கிய முட்டி எலும்போடு வளர்ந்தது பாரம் தூக்காது. அதை ஏரிக்கரையில் ஆளேற்ற விடாதீர்கள்.

இரண்டு கையாலும் அசைக்கவே முடியாதபடி பல மூட்டுகள் விறைத்துப் பிறக்கும் குட்டிகளும் உண்டு. அவற்றுக்கு மருந்து, சிம்பு, அறுவை எதுவும் உதவாமல் போகலாம். மருத்துவர் அப்படிச் சொன்னால், வலியில்லாமல் அனுப்பிவைக்கச் சம்மதிப்பது பாவம் என்று நான் நினைக்கவில்லை. நான் ஒரு முறை சம்மதித்தேன். குட்டியைக் கொஞ்ச நேரம் தாயின் பக்கத்திலேயே கிடத்தியிருந்தோம். தாய் முகர்ந்து, நக்கி, பிறகு தானாகவே விலகிப்போய்ப் புல் தின்னத் தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு அதே பெட்டை வேறு ஆண் குதிரைக்குச் சேர்ந்து, நான்கு காலும் நேரான ஒரு செம்மண் நிறக் குட்டியைப் போட்டது. ஐம்பது நிமிடத்தில் எழுந்து நின்றது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.